வீட்டு வாசல் வரை வராத வழிகாட்டுதல்கள்

மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பெரும்பாலோர் ஐந்து வயதைத் தாண்டாதவர்கள். சாதாரண சளிக்கும் காய்ச்சலுக்கும் வாங்கிக் கொடுத்த ‘கோல்ட்ரிஃப்’ என்ற மருந்து அவர்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. மருந்து தயாரானது நமது காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரியை எடுத்துச் சோதித்தபோது, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் அதில் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம். ஆலை மூடப்பட்டது, உரிமம் ரத்தானது, கைதுகள் நடந்தன.

இந்தச் செய்திகளின் நெரிசலில் ஒரு விவரம் போதிய கவனம் பெறவில்லை. குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் ஆகிய இரண்டும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, அந்த எச்சரிக்கையைப் புட்டியின் மேலேயே அச்சிட வேண்டும் என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2023 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருந்தார். கோல்ட்ரிஃப் அந்தக் கூட்டைக் கொண்ட மருந்துதான். நச்சு கலந்தது ஆலையின் குற்றம். அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால், ஆலைக்கும் குழந்தையின் வாய்க்கும் நடுவே இன்னொரு காவல் இருந்தது. அந்த உத்தரவு ஒவ்வொரு மருத்துவரின் மேசைக்கும், ஒவ்வொரு மருந்துக்கடைக்கும், ஒவ்வொரு தாயின் காதுக்கும் போய்ச் சேர்ந்திருந்தால், சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு அந்தப் புட்டியே நீட்டப்பட்டிருக்காது. மரணங்களுக்குப் பிறகு, 2025 அக்டோபர் 3-ம் தேதி மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் மறுபடியும் ஓர் அறிவுறுத்தலை அனுப்பியது: இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து வேண்டாம், ஐந்து வயதுக்குக் கீழும் பொதுவாகப் பரிந்துரைக்கத் தக்கதல்ல. குழந்தை மருத்துவப் பாடநூல்கள் ஏற்கெனவே சொல்லிவந்த செய்திதான் இது.

குழந்தை நலத்துக்கான வழிகாட்டுதல்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். ஆறு மாதம் வரை தண்ணீர்கூட இல்லாமல் தாய்ப்பால் மட்டும். ஆறு மாதம் நிறைந்ததும் மசித்த கட்டியான உணவு. வயிற்றுப்போக்கு என்றால் உப்பு சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும். இரண்டு வயது வரை செல்போன் திரை கூடாது. எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறோம். எழுதியதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் மூன்று தரப்பினர்: மருத்துவம் பார்ப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், வீடு தேடி வரும் செவிலியர்களும் அங்கன்வாடி ஊழியர்களும். இந்த மூவரும் ஒரே விஷயத்தை ஒரே மாதிரி சொல்வதில்லை. ஒருவர் சொல்வது மற்றவருக்குத் தெரிவதும் இல்லை. நம் குழந்தைகள் நோயில் விழுகிற இடங்களில் பாதி, இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

இதைக் கிராமத்து அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் மருத்துவரோ செவிலியரோ பார்க்கத்தான் பிறக்கின்றன. ஆனால், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்றவை 60.2 சதவீதம்தான். நூற்றில் மீதி நாற்பது குழந்தைகளுக்கு அந்த முதல் பால் தள்ளிப்போனது மருத்துவமனைக்குள்ளேயே. காரணம் தெரியாததல்ல. மாநிலத்தில் 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையில் முடிகின்றன. தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். தாய் உள்ளே இருக்க, குழந்தை வெளியே பாட்டியின் கைக்கு வந்துவிடுகிறது. அழுகிற பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீரோ பால்பவுடரோ வந்துசேர்கிறது. முதுகில் ஊசி போட்டுச் செய்யும் அறுவைச் சிகிச்சையில் தாய் விழித்திருக்கிறார். பக்கத்தில் ஒரு செவிலியர் நின்று உதவினால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் சேர்த்துவிட முடியும். பால்பவுடரை மருத்துவமனைகள் வழியே பரப்புவதைத் தடுக்கும் சட்டம் 1992-லேயே வந்து, 2003-ல் இறுக்கப்பட்டது. சட்டமும் இருக்கிறது, வழிமுறையும் இருக்கிறது. அறைக்குள் நிற்பவருக்கு அதைச் செய்ய நேரமும் ஆணையும் இல்லை.

அதே ஆய்வு தரும் இன்னொரு எண் இன்னும் கவலைக்குரியது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் தமிழ்நாட்டுக் குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் 57.4 சதவீதம். முந்தைய ஆய்வில் 50.7 சதவீதமாக இருந்தது. குறைய வேண்டியது கூடியிருக்கிறது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்து மருந்து தர வேண்டும் என்பது 2018-ல் தொடங்கிய ‘ரத்தசோகையற்ற இந்தியா’ திட்டத்தின் வழிகாட்டுதல். அரசுச் செவிலியர் அந்தப் புட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். பிள்ளையின் மலம் கறுத்துப் போனதைப் பார்த்து அம்மா பயந்து நிறுத்திவிடுகிறார். மலம் கறுப்பது இயல்பு என்று யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த மாதம் தனியார் மருத்துவரிடம் போனால், அவர் அந்தப் புட்டியைப் பற்றிக் கேட்க மாட்டார். வேறொரு டானிக் எழுதுவார். இரண்டும் பாதியில் நிற்கும்.

மருந்துக்கடையையும் இங்கே சேர்த்தே பேச வேண்டும். நம் ஊர்களில் ‘மெடிக்கல்’ கடைக்காரர்தான் பல குடும்பங்களுக்கு முதல் வைத்தியர். பேதி என்று போய் நின்றால், அட்டைப்பெட்டியில் அடைத்த இனிப்புப் பானத்தைப் பெயரில் ‘ஓஆர்எஸ்’ என்ற எழுத்துகளோடு பல ஆண்டுகளாக விற்றுவந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் உண்டு. இந்தப் பானங்களில் சர்க்கரை அதைப் போலப் பல மடங்கு. அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் போனால் பேதி அதிகமாகும். குழந்தை மேலும் வறண்டுபோகும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து எட்டு ஆண்டுகள் தனியாளாகப் போராடினார். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த எழுத்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. ஒரு மருத்துவர் எட்டு ஆண்டுகள் கத்த வேண்டியிருந்தது என்பதே, வழிகாட்டுதலைப் பரப்ப நம்மிடம் ஓர் அமைப்பு இல்லை என்பதற்குச் சாட்சி. சரியான பொட்டலத்தை வாங்கினாலும், அதை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுக்க ஆள் வேண்டும். ஒரு டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்குவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அதுவும் ஆபத்து.

காட்டிக் கொடுக்க வேண்டிய ஆள் கிராம சுகாதார செவிலியர். ஊரில் நர்ஸம்மா. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒருவர், மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. பிற மாநிலங்களில் வீடு வீடாகப் போகும் ஆஷா பணியாளர்கள் தமிழ்நாட்டில் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில் மட்டுமே இருக்கிறார்கள். மற்ற இடங்களில் கர்ப்பிணியைப் பதிவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, புதன்கிழமை தடுப்பூசி போடுவது, பிரசவத்துக்குப் பின் வீட்டுக்குப் போவது, அத்தனையையும் கணினியில் ஏற்றுவது எல்லாம் நர்ஸம்மாவின் தலையில். வீட்டுக்குப் போகிற நேரத்தில் பாதி, செல்போனில் விவரம் நிரப்புவதில் கழிகிறது. எடை எவ்வளவு, ஊசி போட்டாயிற்றா என்ற கேள்விகளோடு வருகை முடிந்துவிடும். பிள்ளைக்கு என்ன ஊட்டுகிறீர்கள், கிண்ணத்தைக் காட்டுங்கள் என்று உட்கார்ந்து கேட்க நேரம் இருக்காது. குழந்தையின் உடல்நலம் தீர்மானமாகிற பேச்சு அந்தக் கிண்ணத்தைப் பற்றியதுதான்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. திட்டம் வகுப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. முதல் பிரசவம் தாய் வீட்டில். வளைகாப்பு முடிந்து பெண் பிறந்த ஊருக்குப் போகிறாள். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குத் திரும்புகிறாள். கர்ப்ப காலத்தில் பார்த்த நர்ஸம்மா ஓர் ஊர். பிறந்த குழந்தையைப் பார்க்கும் நர்ஸம்மா வேறு ஊர். திரும்பி வந்ததும் மறுபடியும் முதலாமவர். 2018-ல் மத்திய அரசு தொடங்கிய ‘இளங்குழந்தைகளுக்கான வீட்டுப் பராமரிப்பு’ வழிகாட்டுதல் 3, 6, 9, 12, 15-ம் மாதங்களில் வீட்டுக்குப் போகச் சொல்கிறது. அந்த மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் நம் பிள்ளைகள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாறுகிற காலம். தாய்ப்பாலோடு வேறு உணவு தொடங்க வேண்டிய ஆறாம் மாதத்தில், புதிதாக வந்த மருமகளுக்கு மாமியார் வீட்டு அடுக்களையில் பேசும் உரிமையும் குறைவு. யார் எதை ஊட்டுவது என்பதை அந்த வீட்டுப் பெரியவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். கர்ப்பிணிக்குப் ‘பிக்மி’ எண் கொடுத்து மாநிலம் முழுக்க ஒரே பதிவேட்டில் வைத்திருக்கிறோம். மகப்பேறு நிதியுதவித் தவணை எந்த ஊருக்குப் போனாலும் பின்தொடர்கிறது. ஆலோசனையும் அதேபோலப் பின்தொடரலாம். தாய் வீட்டு நர்ஸம்மா புகுந்த வீட்டு நர்ஸம்மாவுக்கு ஒரு போன் செய்து, இந்தப் பிள்ளையின் எடை இரண்டு மாதமாக ஏறவில்லை, போய்ப் பாருங்கள் என்று சொல்வதைக் கட்டாயமாக்கினால் போதும். அதற்குப் புதுத் திட்டமோ புது நிதியோ தேவையில்லை.

அந்த வீட்டுக்குள் நுழைந்தால் பாட்டிமாரின் வைத்தியம் நர்ஸம்மாவை எதிர்கொள்ளும். பிறந்ததும் நாக்கில் சேனை தொட்டு வைப்பது, வசம்பு சுட்டு உரைத்துப் புகட்டுவது, மூக்கில் எண்ணெய் விடுவது, தொப்புளில் எதையாவது பூசுவது, தெருவில் கூவி வருபவரிடம் சங்கு அளவு கழுதைப்பால் வாங்கிக் கொடுப்பது, சாப்பிட மறுக்கும் பிள்ளைக்குத் ‘தொக்கம் எடுப்பது’. இவற்றில் சில உயிருக்கே உலை வைப்பவை. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. தேன் கலந்த சேனையில் நச்சுக் கிருமி இருக்கலாம். தொக்கம் எடுக்கிறேன் என்று ஊதுவதும் தொண்டைக்குள் விரல் விடுவதும் பிஞ்சுக் குழந்தையை மூச்சுத் திணற வைக்கும். ஆனால், அதட்டி நிறுத்த நினைத்தால் நர்ஸம்மா போன பிறகு எல்லாம் மறைவாக நடக்கும். கெடுதல் இல்லாததை விட்டுவிட வேண்டும். உடம்பில் எண்ணெய் தேய்ப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. மூக்கில் விடுவதை மட்டும் தடுத்தால் போதும். பிள்ளைமேல் உள்ள பிரியத்தால்தான் பாட்டி இதையெல்லாம் செய்கிறார். அந்தப் பிரியத்தை மதித்துப் பேசுகிறவரின் சொல்தான் வீட்டில் எடுபடும். இப்படிப் பேசப் பழக்குவது ஒரு நாள் பயிற்சியில் வராது.

தமிழ்நாடு இதை ஒருகாலத்தில் செய்து காட்டியிருக்கிறது. 1980-ல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஊரைச் சேர்ந்த ஒரு பெண்ணே ஊட்டச்சத்துப் பணியாளர். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடைக்கோட்டைத் தாய்க்குக் காட்டிப் பேசுவது அவர் வேலை. எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு, ஏறியதும் நிறுத்தம். எடை போடுவது அங்கே பதிவேட்டுக்காக நடக்கவில்லை. தாயோடு பேச்சைத் தொடங்குவதற்கான வழியாக இருந்தது. பல நாடுகள் இங்கே வந்து பார்த்துப் போன முறை அது. இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன, எடைக்கருவிகள் இருக்கின்றன, செயலியும் இருக்கிறது. எடையைக் காட்டித் தாயிடம் பேசும் அந்தச் சில நிமிடங்கள்தான் காணாமல் போய்விட்டன.

பள்ளிக்கு வருவோம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் மூன்று மாநிலங்களிலும் இரண்டு யூனியன் பிரதேசங்களிலும் தொடங்கியது. தமிழ்நாடு அவற்றில் ஒன்று. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி; பெரும்பகுதி பள்ளிகளில். தொடங்குவதற்குள் வாட்ஸ்அப்பில் வதந்தி முந்திக்கொண்டது. ஊசி போட்டால் குழந்தை பிறக்காது, இது வெளிநாட்டுச் சதி என்றெல்லாம். ஊசி போடும் நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் பெற்றோர் நிறுத்தினார்கள். சில தனியார் பள்ளிகள் ஒத்துழைக்கத் தயங்கின. பிப்ரவரி இறுதியில் முடிய வேண்டிய முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. போலியோவை ஒழித்துக் காட்டிய, தடுப்பூசிக்குப் பெயர்போன மாநிலத்தில் இது நடந்தது. ஆசிரியர்களுக்குச் சுற்றறிக்கை வந்திருந்தது. பெற்றோர் கேட்கப்போகும் கேள்விகளுக்கான பதில் வரவில்லை. எதற்கு இந்த ஊசி, ஏற்கெனவே போட்ட பிள்ளைக்கு மறுபடியும் ஏன் என்று வாசலில் வந்து கேட்ட அப்பாவுக்கு வகுப்பாசிரியரால் விளக்கிச் சொல்ல முடியவில்லை. குடும்ப மருத்துவரிடம் ஓடிப்போய்க் கேட்டால், அவரும் உறுதியாகச் சொல்லத் தயங்கினார். சந்தேகம் வளர வேறென்ன வேண்டும்? பின்னர் நிலைமை சீரானது மருத்துவர்களும் தலைமையாசிரியர்களும் பெற்றோர்முன் ஒன்றாக உட்கார்ந்து பதில் சொன்ன இடங்களில்தான்.

ஆசிரியரின் சொல்லுக்கு நம் ஊரில் இன்றும் மதிப்பு உண்டு. டீச்சர் சொன்னாங்க என்று பிள்ளை வீட்டில் வந்து சொன்னால் அது நடக்கும். ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தில் கரும்பலகை தெரியாமல் தவித்த எத்தனையோ பிள்ளைகளுக்குக் கண்ணாடி கிடைத்தது பள்ளி வழியாகத்தான். ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மாத்திரையும், வாராந்தர இரும்புச்சத்து மாத்திரையும் பள்ளியில்தான் தரப்படுகின்றன. மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்து, நாலு பிள்ளைகள் குமட்டி வாந்தியெடுத்தால் அந்த ஊரில் திட்டம் அதோடு முடிந்தது. மதிய உணவுக்குப் பிறகு கொடுங்கள் என்ற ஒரு வரி வழிகாட்டுதலை ஆசிரியர் அறிந்திருப்பதில் அத்தனை விளைவுகள் அடங்கியிருக்கின்றன.

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வருகிறது. பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் எனப் பார்த்து, மாவட்ட மையத்துக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதுகிறது. இதயத்தில் ஓட்டை இருந்த பிள்ளைகள், காது கேளாமல் இருந்த பிள்ளைகள் இப்படிக் கண்டுபிடிக்கப்பட்டுப் பிழைத்திருக்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால், சீட்டு புத்தகப் பையில் கசங்கிப்போனால் அதைக் கேட்க யாருமில்லை. குழு அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆசிரியருக்கு அது தன் வேலை என்று சொல்லப்படவில்லை. நர்ஸம்மாவுக்குத் தகவலே வராது.

அமெரிக்காவில் 1990-களில் ‘பிரைட் ஃபியூச்சர்ஸ்’ என்றொரு வழிகாட்டியை உருவாக்கினார்கள். ஒவ்வொரு வயதிலும் எதைக் கேட்க வேண்டும், எதைச் சோதிக்க வேண்டும், அடுத்து வரப்போவதைப் பற்றிப் பெற்றோரிடம் என்ன சொல்லி வைக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும் நூல் அது. அவர்களுடைய மருத்துவ அமைப்பு நமக்குப் பொருந்தாது. மருத்துவர் முதல் பள்ளி வரை எல்லோர் கையிலும் ஒரே நூல் என்ற எண்ணம் மட்டும் நமக்கு வேண்டும்.

நம்மிடம் அதற்கான விதை ஏற்கெனவே இருக்கிறது: தாய் சேய் நல அட்டை. வளர்ச்சிக்கோடு, தடுப்பூசி, உணவு, ஆபத்து அறிகுறிகள் எல்லாம் தமிழில் அதில் அச்சாகியிருக்கின்றன. தனியார் மருத்துவமனைகளோ தமக்கென வேறு தடுப்பூசிப் புத்தகம் தருகின்றன. அரசு அட்டவணையும் குழந்தை மருத்துவர் சங்க அட்டவணையும் சில ஊசிகளில் வேறுபடுவதால் பெற்றோர் குழம்பிப்போகிறார்கள். தனியார் மருத்துவர்களும் இதே அட்டையில்தான் எழுத வேண்டும் என்று மாநில அரசு உத்தரவிட வேண்டும். கூடுதல் ஊசி போட்டால் அதையும் அதில் எழுதட்டும். தனியார் மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்தும் 1997-ம் ஆண்டுச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. பதிவைப் புதுப்பிக்கும்போது இதை ஒரு நிபந்தனையாக்குவது கடினமல்ல. பிள்ளை பள்ளியில் சேரும்போது அந்த அட்டை தலைமையாசிரியரின் பார்வைக்குப் போக வேண்டும். மருத்துவக் குழுவின் சீட்டு எண் அதில் ஏற வேண்டும்.

நர்ஸம்மாவைக் கணினி வேலையிலிருந்து விடுவிப்பது அடுத்த அவசரம். துணைச் சுகாதார நிலையத்துக்கு ஒரு பதிவாளரைக் கொடுத்தால் நர்ஸம்மா வீடுகளுக்குத் திரும்புவார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் பெண் தன்னார்வலர்கள் வீடுகளுக்குப் போய்ப் பெரியவர்களின் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அதே வீட்டில் ஒரு வயதுப் பிள்ளை இருந்தால் அதன் கிண்ணத்தையும் அவர்கள் பார்க்கலாம். தனியாகப் பயிற்சியும் கூடுதல் ஊதியமும் கொடுத்தே இதைக் கேட்க வேண்டும். குறைந்த ஊக்கத்தொகையில் வேலை செய்யும் பெண்கள் மேல் இன்னொரு சுமையை இலவசமாக ஏற்றுவது அநியாயம். மாதம் ஒருமுறை நடக்கும் கிராம சுகாதார ஊட்டச்சத்து நாளுக்கு அந்தப் பகுதி ஆசிரியரையும் மருந்துக்கடைக்காரரையும் தனியார் மருத்துவரையும் அழைக்க வேண்டும். அந்த மாதத்துக்கு ஒரே ஒரு செய்தி. மழைக்காலத்தில் பேதி, பனிக்காலத்தில் சளி என்று. மூன்று தரப்பும் அதே வாக்கியத்தை அந்த மாதம் முழுக்கச் சொல்லட்டும்.

அரசு இதைச் செய்யும் வரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை பிள்ளையை எந்த மருத்துவரிடம் கூட்டிப் போனாலும் தாய் சேய் நல அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எடையையும் ஊசியையும் அதில் எழுதித் தரக் கேளுங்கள். இருமல் மருந்து எழுதினால், இது என் பிள்ளையின் வயதுக்குக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க எந்தத் தாயும் தயங்க வேண்டாம்.